வடக்கு வாசல் வீட்டுக்கு வெயில்: பிளெண்டரில் முகப்புப் படம் செய்த அனுபவம்

கிருஷ்ணகிரியில் வீட்டு பிளான் போட்டுத் தருவது என் பிழைப்பு. இப்போதெல்லாம் பிளானைவிட எலிவேஷனுக்குத்தான் மதிப்பு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே முகப்புப் படம் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பல ஆண்டுகள் சந்தா கட்டி ஒரு மென்பொருளில் அந்தப் படங்களைச் செய்துகொண்டிருந்தேன்; பெயர் வேண்டாம். அதில் எந்த வீட்டைப் போட்டாலும் பிறந்தநாள் கேக் மாதிரியே வரும். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வீடு நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் இது நம் ஊரில் இல்லையே" என்றார். உற்றுப் பார்த்தேன். அவர் மாந்தோப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊசியிலை மரங்கள் நின்றன.

அன்று இரவே பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளை இறக்கினேன். காசு கிடையாது. இலவசம் என்றதும் இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2002இல் இதன் உரிமையை முதலீட்டாளர்களிடமிருந்து மீட்க, இதை உருவாக்கிய டோன் ரூசெண்டால் என்ற டச்சுக்காரர் இணையத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டினார். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம்.

ஆட்டோகேடில் கோடு போட்டுப் பழகிய கைக்கு முதல் மூன்று மாதம் திண்டாட்டம்தான். கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று எதுவும் தயாராக எடுத்து வைத்திருக்காது. எல்லாம் நாமே செதுக்க வேண்டும். அதைப் பற்றி இதற்கு மேல் புலம்பப் போவதில்லை. வெயிலுக்கு வருகிறேன்.

சன் பொசிஷன் என்று ஓர் இணைப்பு நிரல் இருக்கிறது. 4.2 பதிப்பிலிருந்து தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் இலவசம்தான். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம், வடக்குத் திசை ஆகியவற்றைக் கொடுத்தால் சூரியனை அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கிருஷ்ணகிரிக்கு 12.5, 78.2, நேர மண்டலம் 5.5. முதல்முறை ஜூன் 21, நண்பகல் என்று கொடுத்தேன். சூரியன் வீட்டுக்கு வடக்கே போய் நின்றது. தப்பாக எதையோ தட்டிவிட்டோம் என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகுதான் உறைத்தது. நாம் கடகரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு பாதி தாண்டும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். நாற்பத்தைந்து வயதில், பிறந்த ஊரின் வெயிலை ஒரு மென்பொருள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இது சின்ன விஷயமில்லை. வாஸ்து பார்த்து இங்கே பாதிப் பேர் வடக்கு வாசல் கேட்கிறார்கள். நான் முன்பு செய்த படங்களில் எந்தத் திசை வீடானாலும் இடப்பக்கம் மேலேயிருந்து ஒரே சாய்வில் வெளிச்சம் விழும். மார்கழி மாதத்து வடக்கு முகப்பில் அப்படி வெயில் விழவே விழாது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ பொய் என்று கண் கண்டுகொள்ளும்.

இராயக்கோட்டை சாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு வடக்கு வாசல் வீடு. ஜூன் மாதம், மாலை ஐந்து மணி என்று வைத்தேன். சூரியன் வடமேற்கில் தாழ்வாக நின்று சுவரை உரசிக்கொண்டு போயிற்று. இரண்டடி சன்ஷேடின் நிழல் சுவரில் சரிந்து விழுந்தது. சூரியனின் அகலம் வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி. பிளெண்டரில் சூரியனாக நிற்கும் சன் விளக்கின் கோணத்தில் 0.53 என்று கொடுத்தால் பத்தடி தள்ளி விழும் நிழலின் ஓரம் ஓர் அங்குலம் மங்குகிறது. பக்கத்தில் விழும் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. மொட்டைமாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரின் நிழலைப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றை நான் தேடிப் போகவில்லை, தானாக வந்தது. மனை முழுக்கச் செம்மண். தரைக்கு அந்த நிறத்தைக் கொடுத்துவிட்டு, வெளிச்சத்தைக் கணக்கிட்டுப் படமாக்கும் பிளெண்டரின் சைக்கிள்ஸ் பகுதியில் ரெண்டர் போட்டேன், அதாவது இறுதிப் படத்தை எடுத்தேன். போர்டிகோ கூரையின் வெள்ளையடித்த அடிப்பக்கம் லேசாகச் சிவந்திருந்தது. வெயில் மண்ணில் பட்டு எகிறி மேலே போயிருக்கிறது. இந்த எதிரொளியை சைக்கிள்ஸ் கதிர் கதிராகக் கணக்குப் போடுகிறது. கேக் தன்மை போன இடம் அதுதான் என்பேன்.

சுவருக்குச் சுத்த வெள்ளை கொடுக்காதீர்கள். புதிதாக வெள்ளையடித்த சுவரும் விழுகிற வெளிச்சம் முழுவதையும் திருப்பித் தராது; சுத்த வெள்ளை 1 என்றால் 0.8 போதும். தூண் விளிம்புகளை நூல் பிடித்த கூர்மையில் விட்டாலும் படம் கெடும். கொத்தனார் எத்தனை நேர்த்திக்காரராக இருந்தாலும் பூச்சின் முனை சில மில்லிமீட்டராவது மழுங்கியிருக்கும், அதனால் விளிம்பை மழுக்கும் பெவல் கட்டாயம். காம்பவுண்டின் கல்லுக்கால்கள்மேல் ஒட்ட, கல்லின் பரப்பை நானே போட்டோ எடுத்தேன். மேகமூட்டமான காலையில்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கல்லோடு அன்றைய வெயிலும் படத்தில் ஒட்டிக்கொள்ளும்.

மரங்கள்தான் தலைவலி. இலவசமாகக் கிடைப்பவற்றில் வேம்பும் மாவும் எனக்குச் சரியாக அமையவில்லை. மாவிலையை இருபுறமும் படமெடுத்து ஒரு மரம் செய்தேன்; நான்கு நாள் ஆனது. என் லேப்டாப்பின் கிராபிக்ஸ் நினைவகம் 4 ஜிபிதான். ஒரே மரத்தை முழுமையாகப் பத்து நகல் எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆல்ட்டும் டியும் அழுத்தி எடுக்கும் இணைப்பு நகல் என்றால் தோப்பே வைக்கலாம். ஆனாலும் ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அவசரப்பட்டு சாம்பிள்களை (ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் கதிர்களின் எண்ணிக்கையை) குறைத்து, அதனால் வரும் பொரிப்பொரியான புள்ளிகளை அழிக்கும் டீநாய்சர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் பூச்சின் சொரசொரப்பு மெழுகாகிவிடும்.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை. 4.0 பதிப்பிலிருந்து ஏஜிஎக்ஸ் என்ற நிற மாற்றம் இயல்பாகவே வருகிறது. கடும் வெயிலில் நிறங்கள் பளீரென்று கத்தாமல், கேமராவில் பிடித்ததுபோல் வெளிறிப் போகின்றன. படத்துக்கு அது அழகு. ஆனால் வாடிக்கையாளர் பெயின்ட் அட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து "இது அந்த ஆரஞ்சு இல்லையே" என்று கேட்பார். நிறம் தேர்ந்தெடுக்க, இந்த மாற்றம் இல்லாத ஸ்டாண்டர்டு முறையில் ஒரு படம், வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் என்று இரண்டாகக் கொடுத்துவிடுகிறேன்.

தினம் ஐந்து எலிவேஷன் கேட்டு ஆள் வரும் அலுவலகமாக இருந்தால் இதைச் சொல்லமாட்டேன், நேரம் கட்டுப்படியாகாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு, நின்று நிதானித்துச் செய்பவர்களுக்கு இது போதும். எனக்குப் போதும்.

கடைசியாக, கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியில் வெறும் நீலம் தெரிந்தால் அது கண்ணாடியாகாது. வானத்துக்காக இணையத்தில் கிடைக்கும், நாலாபுறமும் சேர்த்து எடுத்த சுற்றுப்படத்தைப் போட்டால் யாருடைய வயலோ ஜன்னலில் தெரியும். ஆகவே ஆசிரியரின் மனையில் நின்று எதிர்ப்பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து, பிளெண்டரில் கேமராவுக்குப் பின்னால் ஒரு தட்டியாக நிறுத்தினேன். எதிர்வீடு, அதன் மாமரம், மின்கம்பம் எல்லாம் கண்ணாடியில் மங்கலாக விழுந்தன. படத்தைத் திறந்து காட்டியபோது எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஆசிரியர் நிழலைப் பார்த்தார், தலையாட்டினார். அவர் மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"சார், இந்த ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு மாமரம்தானே?"

"ஆமாம் அம்மா. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"அதை எடுத்துவிடுங்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

தட்டியை எடுத்துவிட்டு வெறும் வானத்தோடு மறுபடி ரெண்டர் போட்டேன். இன்னொரு முக்கால் மணி நேரம்.