இருவர் பெயரில் வீடு: கூட்டுரிமையா, பங்குரிமையா?

இங்கிலாந்தில் இருவர் சேர்ந்து வீடு வாங்கும்போது வங்கிக் கடன், சர்வே, ஸ்டாம்ப் டியூட்டி என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் சொலிசிட்டர் அனுப்பும், வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் டிஆர்1 படிவத்தின் பத்தாம் கட்டத்தில் எந்தப் பெட்டியில் டிக் போடுவது என்பதற்கு மட்டும் அரை நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஒருவர் இறந்தாலோ இருவரும் பிரிந்தாலோ வீடு யாருக்கு என்ற கேள்விக்கு அந்தப் பெட்டியில்தான் பதில் இருக்கிறது.

முதல் வழி ஜாயின்ட் டெனன்ஸி, அதாவது கூட்டுரிமை. இதில் உனக்குப் பாதி, எனக்குப் பாதி என்ற கணக்கே கிடையாது. முழு வீடும் இருவருக்கும் சேர்ந்தே சொந்தம். ஒருவர் இறந்ததும் மற்றவர் தானாகவே முழு உரிமையாளர் ஆகிவிடுவார். வீட்டுக்காக, உயிலை நீதிமன்றம் உறுதிசெய்து தரும் புரோபேட் வாங்கித் திரிய வேண்டாம். இறப்புச் சான்றிதழையும் ஒரு படிவத்தையும் நிலப் பதிவகத்துக்கு அனுப்பினால் இறந்தவர் பெயரை நீக்கிவிடுவார்கள். முதல் திருமணம், ஒரே வீடு, பொதுவான பிள்ளைகள் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

மறுமணத்தில்தான் இது காலை வாரும். முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கு "என் பாதி" என்று உயிலில் எழுதிவைத்திருப்பார் மனிதர். கூட்டுரிமையில் அவருக்குப் பாதி என்று எதுவும் இல்லாததால், வீட்டைப் பொறுத்தவரை அந்த உயில் செல்லாது. வீடு இரண்டாம் மனைவிக்குப் போய், பிறகு அவர் உயிலில் எழுதியவர்களுக்குப் போகும்.

இரண்டாவது வழி டெனன்ஸி இன் காமன், அதாவது பங்குரிமை. சரிபாதியாகவும் வைத்துக்கொள்ளலாம், 70-க்கு 30 என்றும் வைத்துக்கொள்ளலாம். அவரவர் பங்கு அவரவர் உயிலின்படி போகும். அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கினாலும், ஒரு பக்கத்துப் பெற்றோர் முன்பணம் கொடுத்திருந்தாலும் இதுதான் பொருத்தம். முன்பணம் 60,000 பவுண்டு பெண் வீட்டாருடையது என்று வைத்துக்கொள்வோம். "விற்கும்போது முதலில் அவளுக்கு 60,000, மீதி சரிபாதி" என்று டிக்ளரேஷன் ஆஃப் டிரஸ்ட் என்ற தனி ஆவணத்தில் எழுதிக்கொள்ளலாம். அதைப் பத்திரமாக வைத்திருப்பது உங்கள் பாடு; யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை நிலப் பதிவகம் தன் ஏட்டில் குறிப்பதில்லை.

பங்குரிமை எடுப்பவர்கள் அதே மாதத்தில் உயிலும் எழுதிவிட வேண்டும். உயில் இல்லாமல் இறந்தால், சட்டப்படி மணம் செய்யாத துணைக்கு வாரிசுரிமை விதிகளின்படி ஒரு காசும் கிடையாது, இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும். மணமான துணைக்கு, பிள்ளைகள் இருந்தால், மொத்தச் சொத்தில் முதல் 3,22,000 பவுண்டும் மீதியில் பாதியும் போகும். இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு. ஒருவர் இறந்தபின் மற்றவர் தனியாக வீட்டை விற்கப் போனால், தனியொருவர் விற்றுப் பணம் வாங்குவதைத் தடுக்க ஏட்டில் உள்ள 'ஃபார்ம் ஏ' கட்டுப்பாடு குறுக்கே நிற்கும். பணத்தைப் பெற்றுக்கொள்ள இரண்டாவது டிரஸ்டி, அதாவது பொறுப்பாளர், ஒருவரை நியமித்தாக வேண்டும்.

வங்கிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எந்தப் பெட்டியில் டிக் இருந்தாலும் முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு.

மணமானவர்கள் பிரிந்தால், எந்தப் பெட்டியில் டிக் போட்டிருந்தாலும் விவாகரத்து நீதிமன்றம் சொத்தைத் தன் கணக்கில் பங்கிடலாம். மணமாகாதவர்களுக்கு அந்த வசதி இல்லை, எழுதிவைத்ததுதான் சட்டம். ஆகவே இந்த டிக் அவர்களுக்குத்தான் அதிக முக்கியம்.

இரண்டையும் விட மோசமானது, எதையும் எழுதிவைக்காமல் விடுவது. ஸ்டாக் எதிர் டவுடன் வழக்கில் நான்கு பிள்ளைகள் பெற்ற ஜோடி இருவர் பெயரிலும் வீடு வாங்கியது. பங்கு விவரம் எழுதப்படவில்லை. அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 2007-இல் 65-க்கு 35 என்று தீர்ப்பானது. ஜோன்ஸ் எதிர் கெர்னாட் வழக்கில் வீடு வாங்கியது 1985-இல், பிரிந்தது 1993-இல், உச்ச நீதிமன்றம் 90-க்கு 10 என்று முடித்துவைத்தது 2011-இல். அத்தனை செலவும் ஒரு பெட்டியில் டிக் போட்டிருந்தால் மிச்சம்.

போட்ட டிக்கைப் பிறகு மாற்றலாம். கூட்டுரிமையைப் பங்குரிமையாக்க மற்றவர் சம்மதம் தேவையில்லை, எழுத்தில் ஓர் அறிவிப்பு போதும். அப்படிப் பிரித்தால் பங்கு சரிபாதியாகும். எதிர்த்திசையில் போகத்தான் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அறிவிப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. கின்ச் எதிர் புல்லார்ட் வழக்கில், கடும் நோயிலிருந்த மனைவி விவாகரத்து கேட்டு, பிரிப்பு அறிவிப்பையும் தபாலில் அனுப்பச் செய்தார். கடிதம் வீட்டுக்கு வந்தது. கணவர் அதைப் பார்ப்பதற்குள் மாரடைப்பில் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அவர் முதலில் இறந்தால் முழு வீடும் தனக்கே என்று கணக்குப் போட்ட மனைவி கடிதத்தை அழித்துவிட்டார். கணவர் இறந்தார், சில மாதங்களில் மனைவியும் இறந்தார். கடிதம் வீட்டில் வந்து விழுந்த கணமே கூட்டுரிமை முறிந்துவிட்டது என்று 1998-இல் நீதிமன்றம் சொன்னது. கணவரின் பாதி அவர் பக்கத்துக்கே போனது.