ஜிம்மில் காது படும் பாடு: மூன்றாம் வருடச் சந்தாவில் எழுதுவது

ஜிம் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெஷின் எத்தனை, ஏசி உண்டா, சந்தா எவ்வளவு, மாஸ்டர் எப்படி என்றுதான் எழுதுகிறார்கள். மடிப்பாக்கம் பக்கம் ஒரு மாடி ஜிம்மில் எனக்கு இது மூன்றாம் வருடச் சந்தா. அந்தக் கேள்விகளுக்கெல்லாம் முதல் மாதத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. மெஷின்கள் பரவாயில்லை, ஏசி மாலையில் மட்டும், சந்தா நியாயம், மாஸ்டர் தங்கமான மனிதர். ஆனால் சத்தத்தைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஜிம்மின் பெயர் வேண்டாம். இதே மாதிரி ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கும்.

முதலில் இடம். கீழே மருந்துக்கடை, மேலே நாங்கள், எங்கள் தலைக்கு மேலே தகரக் கூரை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் சேர்ந்தபோது தரையில் டைல்ஸ், டம்பல் ஸ்டாண்டுக்கு முன்னால் மட்டும் மெல்லிய ரப்பர் பாய். கண்ணாடி, டைல்ஸ், தகரம் மூன்றுமே சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. உறிஞ்சிக்கொள்ள அங்கே திரைச்சீலைகூடக் கிடையாது. இந்த அமைப்பைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்வதில் பொருளில்லை, பணம் கட்டும்போது யாரும் கூரையைப் பார்ப்பதில்லை.

முக்கல் முனகலில் இருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் முதலில் திட்டுவது அதைத்தான். என் கணக்கில் அது கடைசிப் புகார். கனமான பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடுகிறவர் மூச்சை இழுத்து, வயிற்றை இறுக்கி, தொண்டையை அடைத்துக்கொள்வார். உள்ளே ஏறும் அழுத்தம் முதுகெலும்புக்குப் பிடிமானம் தரும். எழும்போது கஷ்டமான இடத்தைத் தாண்டியதும் அந்தக் காற்று 'ஹ்ம்' என்று வெளியே வரும். அந்தச் சத்தம் உழைப்போடு சேர்ந்தது, ஒரு நொடிதான் இருக்கும். மாலையில் லோடு வண்டி ஓட்டும் அண்ணன் ஒருத்தர் வருவார். எங்கள் ஜிம்மில் அதிக எடை தூக்குகிறவர் அவர்தான், அவரிடமிருந்து வருவது இந்த ஒரு 'ஹ்ம்' மட்டும். முதல் ரெப்பிலேயே, அதாவது முதல் தூக்கிலேயே, 'ஆஆ' என்று நீட்டிக் கத்துகிறவர்களுக்குத் தொண்டை நன்றாகத் திறந்திருக்கிறது, மூச்சும் தாராளமாகப் போய் வருகிறது. அப்படியென்றால் எடை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கத்தினால் பலம் கூடுமா? கொஞ்சம் கூடும் போலத்தான் தெரிகிறது. கல்லூரி டென்னிஸ் வீரர்களை வைத்து நடத்தி 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், முனகியபடி அடித்த பந்துகள் ஏறக்குறைய 5 சதவீதம் வேகமாகப் போயின. டென்னிஸ் என்றதும் மோனிகா செலஸ் நினைவுக்கு வருகிறார். 1992 விம்பிள்டனில் அவருடைய சத்தத்தைப் பற்றி எதிராளிகள் நடுவரிடம் புகார் செய்தார்கள். இறுதி ஆட்டத்தில் வாயை மூடிக்கொண்டு ஆடினார், ஸ்டெஃபி கிராஃபிடம் 6-2, 6-1 என்று தோற்றார். அதனால் உண்மையாக உழைத்து முனகுகிறவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பிளானட் ஃபிட்னஸ் ஜிம்களில் இப்படிக் கத்துகிறவர்களுக்காகச் சைரனே வைத்திருக்கிறார்கள். யாராவது கத்தினாலோ எடையைக் கீழே போட்டாலோ ஊழியர் அதை அலறவிடுவார். சத்தத்தைக் குறைக்க இன்னொரு சத்தம்! நம்ம ஊருக்கு அது வேண்டாம்.

எனக்கு எரிச்சல் வருவது பக்கத்தில் நிற்கும் நண்பர் கூட்டத்திடம்தான். பெஞ்சில் படுத்திருப்பவன் அமைதியாகத் தூக்குவான். சுற்றி நிற்கும் மூன்று பேர் "ஏறுடா மச்சி, இன்னும் ரெண்டு, விடாத விடாத" என்று தேர் இழுப்பார்கள். நடுநடுவே அமெரிக்க பாடிபில்டர் ரானி கோல்மனின் "லைட் வெயிட் பேபி" வேறு. அவர் அதைக் கத்திக்கொண்டு 800 பவுண்டு, அதாவது சுமார் 363 கிலோவைத் தரையிலிருந்து இடுப்புவரை தூக்கும் டெட்லிஃப்ட் செய்தவர், பாடிபில்டிங்கின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை எட்டு முறை வென்றவர். நம்ம பையன்களின் பாரில் பக்கத்துக்கு ஒரு பத்து கிலோ ப்ளேட்.

அடுத்தது எடையைக் கீழே போடுவது. உண்மையான பிரச்சினை இதுதான். கத்தல் காதோடு போய்விடும், விழும் இரும்பு கட்டடத்துக்குள் இறங்கும். முதல் வருடத்தில் ஒருநாள் மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "மாஸ்டர், மேல எதைத்தான் போடுறீங்க? என் ஷெல்ஃபுல டானிக் பாட்டில் எல்லாம் நடந்து வருது" என்றார். எல்லோரும் சிரித்தோம், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

போடுகிறவர்களிடம் கேட்டால், பெரிய வீரர்கள் போடவில்லையா என்பார்கள். போடுகிறார்கள்தான். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்ச்சில் 149 கிலோ, தோளில் நிறுத்திப் பிறகு தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். தலைக்கு மேல் அவ்வளவு எடையைத் தூக்கிய பிறகு மெதுவாக இறக்கச் சொன்னால் தோள் என்னாவது? ஆனால் அந்த விளையாட்டுக்கென்று ரப்பரால் ஆன பம்பர் ப்ளேட் இருக்கிறது, மேடை இருக்கிறது. போட்டியில் நடுவர் சைகை கொடுக்கும் முன் கீழே விட்டால் அந்தத் தூக்கே செல்லாது. எங்கள் ஜிம்மில் இருந்ததோ வார்ப்பிரும்பு ப்ளேட், கீழே டைல்ஸ். அதிலும் போடுகிறவர்கள் தூக்கியது என்னவோ பைசெப்ஸுக்கு 12 கிலோ டம்பல்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஆயுத பூஜை அன்று அதே டம்பல்களைத் துடைத்து, வரிசையாக அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பூப்போட்டு, ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டுவோம். மறுநாள் சாயந்திரம் அதே பொட்டோடு அவை தரையில் விழும்.

போன் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. செட்டுக்கு நடுவே, அதாவது ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில், ஓய்வு எடுப்பதாகச் சொல்லி லெக் பிரஸ் மெஷினில் சாய்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசும் ஒரு கூட்டம் இருக்கிறது. மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எவ்வளவு மொய் எழுதுவது என்ற விவாதத்தை முழுசாகக் கேட்டிருக்கிறேன். தொகை எனக்கே கொஞ்சம் குறைவாகப் பட்டது. மெஷினுக்காக நிற்கிறவர் "எத்தனை செட் பாக்கி அண்ணா?" என்று கேட்டால், காதில் விழாத மாதிரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அது ஒரு செட்டா, ஒரு நிமிடமா என்று இன்றுவரை விளங்கவில்லை.

பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது ஓனரின் கையில் இருக்கிறது. மாலை 7 மணிக்குக் கைபேசியில் ஒரு சத்தம் அளக்கும் செயலியைப் போட்டுப் பார்த்தால் 90 டெசிபலை ஒட்டிக் காட்டும். செயலி துல்லியமில்லை என்றே வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். வாரம் ஆறு நாள், தினமும் ஒரு மணி நேரம் போகிறவருக்குக் கணக்கு இடிக்கிறது. பெண்கள் பேட்ச்சுக்குப் போகும் என் மனைவி, அங்கே டம்பல் விழும் சத்தமே கிடையாது, பாட்டு மட்டும் அதே அளவுதான் என்கிறாள்.

சரி, நான் செய்து பார்த்தவை. வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வகை இயர்பட்ஸ் வாங்கினேன். ட்ரெட்மில் மோட்டார், ஏசி, பாட்டின் அடித்தாளம் போன்ற ஒரே சீரான சத்தங்களை அது நன்றாக அமுக்குகிறது. திடீரென்று விழும் ப்ளேட்டிடம் அதன் வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை. வியர்வையில் வழுக்கி விழவும் செய்யும், பெஞ்சில் படுத்தால் ஒரு பக்கம் கட்டாயம் கழன்றுவிடும். உள்ளே பாட்டுப் போட்டு வெளிப்பாட்டை மறைக்கலாம் என்றால், அதைவிடச் சத்தமாக வைக்க வேண்டியிருக்கிறது, காதுக்கு இரட்டைச் செலவு. அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் காதடைப்பான். விலை சில்லறைக் காசு, இரண்டில் இதுதான் மேல். உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட்டால் சரியாக உட்காரும். இரும்புச் சத்தத்தின் கூர்மை போய்விடும், உங்கள் மூச்சு உங்களுக்கே பெரிதாகக் கேட்கும். ஸ்பாட் கொடுக்க, அதாவது தடுமாறினால் பிடித்துக்கொள்ள, ஆள் வைத்துத் தூக்கும் நாளில் மட்டும் ஒரு காதையாவது திறந்து வையுங்கள், அவர் சொல்வது கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது நேரம் மாற்றியதுதான். ஜிம் காலை 5 மணிக்குத் திறக்கும். முன்பெல்லாம் ஷட்டர் ஏறும்போதே பாட்டும் ஏறும். பின்வீட்டு அடுக்குமாடிக்காரர் ஒருவர் காவல் நிலையம்வரை போனார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு 45. அவர் காவல் நிலையம் போன பிறகு 6 மணிக்கு முன் பாட்டு கிடையாது. அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் எனக்கு அமைதியான ஒரு மணி நேரத்தை வாங்கித் தந்தவர் அவர்தான். அந்நேரம் வருகிறவர்கள் ஓய்வு பெற்றவர்கள், ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், சர்க்கரைக்காக டாக்டர் அனுப்பியவர்கள். அரசியல் பேசுவார்கள், ஆனால் எதையும் கீழே போட மாட்டார்கள்.

கத்துகிறவரோடு பேசிப் பார்க்கலாமா என்றால், பேசலாம், பேசும் விதத்தில் இருக்கிறது. "தம்பி, சத்தம் போடாதீங்க" என்றால் அடுத்த செட்டில் இன்னும் ஓங்கிப் போடுவான். "தம்பி, இறக்கும்போதும் தசை வேலை செய்யுது. நீங்க கடைசி ரெப்பை அப்படியே விட்டுடுறீங்க, பாதிப் பலன் போகுது. மூணு எண்ணி இறக்கிப் பாருங்க, கை சீக்கிரம் ஏறும்" என்று ஒரு பையனிடம் சொன்னேன். மறுவாரம் அந்தப் பையனே இன்னொருவனுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சொன்னது பொய்யும் இல்லை, எடையைக் கட்டுப்பாட்டோடு இறக்குவதும் பயிற்சிதான். சத்தம் என்ற சொல்லையே எடுக்காமல் காரியம் நடந்தது.

ஆனாலும் ஆள் ஆளாகப் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை இது. கண்ணாடியில் 'எடையைக் கீழே போடாதீர்' என்று ஒட்டிய தாள் மங்கிப்போனதே தவிர எதுவும் மாறவில்லை. இரண்டாம் வருடக் கடைசியில், டைல்ஸ் மூன்று நான்கு இடத்தில் பிளந்து, ஒரு டம்பலின் தலை ஆட ஆரம்பித்த பிறகு, ஓனர் மனசு வைத்தார். பழைய பாயை எடுத்துவிட்டுத் தடிமனான ரப்பர் ஓடுகள் போட்டார், டம்பல்களையும் ரப்பர் பூசியதாக மாற்றினார். ஆட்கள் அதே ஆட்கள், போடுவதும் ஓரளவு அப்படியே, ஆனால் 'டங்' என்றது 'தொப்' என்று ஆகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் இப்போது படியேறுவதில்லை. குறையும் உண்டு. முதல் சில வாரம் ரப்பர் நெடி தலைவலியைக் கொடுத்தது. போகப்போக ஓடுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து ஓரம் தூக்கிக்கொள்கிறது, தடுக்கி விழப் பார்த்திருக்கிறார்கள். பெரிய ப்ளேட்கள் இன்னும் பழைய இரும்புதான், டெட்லிஃப்ட் மூலையில் கூடம் அதிர்கிறது.

எனவே ஜிம்மில் சேரப் போகிறவர்கள் காலை பதினோரு மணிக்குப் போய், காலியான கூடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாதீர்கள். திங்கட்கிழமை மாலை 7 மணிக்குப் போங்கள், ஊரே செஸ்ட், அதாவது மார்புப் பயிற்சி, போடும் நாள். டம்பல் ஸ்டாண்டுக்கு முன்னால் தரை எப்படி இருக்கிறது, டைல்ஸ் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். யாராவது எடையைப் போட்டால் மாஸ்டர் திரும்பிப் பார்க்கிறாரா என்றும் கவனியுங்கள்.

எங்கள் ஜிம்மை, காலை 5 மணிக்கு எழ முடிகிறவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மாலையில்தான் வர முடியும் என்றால் காதடைப்பானோடு வாருங்கள். நான் நான்காம் வருடமும் கட்டப் போகிறேன். ஸ்பீக்கரில் பேசுகிறவர்களுக்கு வழி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மாஸ்டரும் நானும் கேட்டுக்கொள்கிறோம்.