'கிடார் செட்டப் கிட்' வாங்கப் போகிறீர்களா? முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் மதுரையைச் சுற்றி ஊருக்கு ஊர் திருவிழாக் கச்சேரிதான். இந்த வருடம் பங்குனி வெயிலிலேயே கிடாரின் கழுத்து அசைந்து, தடித்த கம்பி ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியில்) உரசி இரைய ஆரம்பித்துவிட்டது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், பத்து நிமிட வேலை. கிடார் என்னுடையது அல்ல, குழு நடத்தும் அண்ணனுடையது. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்.

அதன் பிரிட்ஜில் ஆறு சாடில், கம்பிக்கு ஒன்றாக அதைத் தாங்கும் சிறு துண்டுகள். ஒவ்வொன்றிலும் உயரத்தை மாற்ற இரண்டு பொடி கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ). அவற்றுக்கு 0.050 இஞ்ச் ஆலன் கீ (அறுகோணச் சாவி) வேண்டும், அதாவது 1.27 மி.மீ. ஸ்குவையர் மாதிரி விலை குறைந்த கிடார்களில் பெரும்பாலும் 1.5 மி.மீ. இருக்கும். டூல்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மில்லிமீட்டர் செட் 1.5-இல்தான் தொடங்கும், இஞ்ச் செட் 1/16-இல். இரண்டுமே என் ஸ்க்ரூவுக்குள் நுழையாது. கிடாரோடு வந்த சாவியை அண்ணன் எப்போதோ தொலைத்துவிட்டார்.

டவுன் பக்கம் ஓர் இசைக்கருவிக் கடையில் கேட்டேன். 'கிடார் செட்டப் கிட்' என்று பளபளப்பாக ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்பது சாவிகளை எடுத்து வைத்தார்கள். 650 ரூபாய். ஒன்றில் 1.27 என்று போட்டிருந்தது. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாவியை நுழைத்தேன். லொடலொடவென்று ஆடியது. புதுச் சாவி அப்படித்தான் இருக்கும்போல என்று திருகினேன் (இந்த இடத்தில் முட்டாள்தனம் முழுக்க என்னுடையது). ஒரு ஸ்க்ரூவின் உள்முனை மழுங்கியது. அடுத்ததும் மழுங்கியது. மூன்றாவதில் சாவியே கயிறுபோல் முறுக்கிக்கொண்டது.

கப்பலூரில் லேத்தில் வேலை பார்க்கும் மச்சானிடம் கொண்டுபோனேன். மைக்ரோமீட்டரில் வைத்தான்: 1.19. "இரும்பும் பதம் போடாத இரும்புடா" என்றான். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால், அடியில் வேறொரு ஸ்டிக்கர். விலை 120 ரூபாய்.

திரும்பக் கடைக்குப் போனேன். "பிரிச்ச ஐட்டத்த எடுக்க மாட்டோம் தம்பி, நீங்க திருகின விதம் தப்பு." சரி, மழுங்கிய ஸ்க்ரூவுக்கு மாற்றாவது கொடுங்கள் என்றால், சாதாரண எம்3 (3 மி.மீ.) ஸ்க்ரூவை நீட்டினார். "எல்லாம் ஒண்ணுதான்." ஒன்று இல்லை. அமெரிக்க சாடிலின் மரை 4-40 என்ற இஞ்ச் மரை. எம்3-இன் மரை அதைவிட நெருக்கம். பலவந்தமாக ஏற்றினால் சாடிலும் போய்விடும்.

உங்களுக்கு இதே நிலைமை வந்தால் மேலே இருந்து போராடாதீர்கள். கம்பியைத் தளர்த்தி, சாடிலைக் கழற்றித் திருப்புங்கள். ஸ்க்ரூவின் அடிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய மூக்கு பிளையரால் பிடித்துக் கீழ்வழியாகவே சுழற்றி எடுத்துவிடலாம். இரண்டையும் மச்சான் அப்படித்தான் எடுத்தான். அவன் பெட்டியிலேயே, ஏதோ பழைய மெஷினோடு வந்த இஞ்ச் சாவிக் கொத்தில் ஒரு 0.050 கிடந்தது. நுழைத்துவிட்டுக் கையை எடுத்தான். சாவி ஆடாமல் நின்றது. சரியான சாவி என்றால் அப்படி நிற்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு சாடிலைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் அங்கேயே போட்டுப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம் என்று நினைத்தேன், ஆனால் கையில் இருப்பது தேதிகூட இல்லாத துண்டுச் சீட்டு.

4-40 ஸ்க்ரூ இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை திருமங்கலத்தில் கச்சேரி. அண்ணன் இதைப் படிப்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.