காம்பு வெடிப்புக்கு லனோலின் க்ரீம்: அரை ட்யூப் தீர்ந்த பிறகு

மகள் பிறந்த நாலாம் நாள், ராத்திரி இரண்டரை மணிக்கு, ஒரு கையில் அழுகிற பிள்ளையும் இன்னொரு கையில் போனுமாக உட்கார்ந்து ஆர்டர் போட்ட க்ரீம் இது, ஆராய்ந்து வாங்கினேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. இரண்டு காம்பிலும் வெடிப்பு, வலது பக்கம் ரத்தமே கசிந்தது. அவள் வாயைக் கொண்டு வந்தாலே நான் கால் விரல்களை மடக்கிக்கொண்டு பல்லைக் கடிப்பேன். அம்மாவோ, "முதல் பிள்ளைக்கு எல்லாருக்கும் இப்படித்தான்டி, பத்து நாள்ல காய்ச்சுப் போயிடும்" என்று சொல்லித் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார்.

பிராண்ட் பெயர் வேண்டாம். வேறு எதுவும் கலக்காத லனோலின் என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குதான், செம்மறி ஆட்டு ரோமத்தில் இருக்கும் மெழுகைச் சுத்திகரித்து ட்யூபில் அடைத்தது. மஞ்சளாக, பிசுபிசுவென்று இருக்கும், ஏசி அறையில் வைத்தால் இறுகிவிடும். அதை அப்படியே எடுத்துத் தேய்த்தால் புண் மேல் இருக்கிற தோலையும் சேர்த்து இழுக்கும், முதல் தடவை நான் அலறியேவிட்டேன். பட்டாணி அளவு எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டி இளக்கி, மெல்ல ஒற்ற வேண்டும். இதை அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பிடித்த விஷயம், பால் கொடுக்கும் முன் துடைக்கத் தேவையில்லை. நைட்டி புண்ணில் ஒட்டிக்கொண்டு பிய்த்து எடுக்கும் கொடுமையும் அன்றோடு நின்றது. நைட்டியில் எண்ணெய்க் கறை விழும், அது போகாது. கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, ஆறியதா? எரிச்சல் இரண்டு நாளில் குறைந்தது, வெடிப்பு ஆறவில்லை. எப்படி ஆறும்? பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும், ஒவ்வொரு தடவையும் அதே இடம் நசுங்கினால் மேலே எதைப் பூசி என்ன. நடுவில் காம்பின் மேல் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு பால் கொடுக்கும் சிலிகான் ஷீல்டு ஒன்றும் வாங்கினேன், அளவு தெரியாமல் பெரியதாக வாங்கி அது வழுக்கி வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். காம்பு உள்வாங்கியிருப்பவர்கள் சிலருக்கு அது உதவுமாம், ஆனால் யாராவது பார்த்து அளவு சொன்ன பிறகு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஒன்பதாம் நாள் ஒரு தாய்ப்பால் ஆலோசகரை வீட்டுக்கு வரவழைத்தோம். வந்தவர் ட்யூபைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொடுங்கம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லி ஒரு முழு வேளையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பாப்பா வாயை எடுத்ததும் காம்பைக் காட்டினார்: உருண்டையாக இல்லை, புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி ஒரு பக்கம் சரிந்து சப்பையாக இருந்தது. "இவ காம்பை மட்டும்தான் கவ்வுறா. சுத்தி இருக்கிற கருவட்டமும் சேர்ந்து உள்ளே போகணும்" என்றார். நான் கூன் போட்டு மார்பை அவள் வாயில் திணித்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பாம், பிள்ளையைத்தான் மார்புக்குக் கொண்டு வர வேண்டும். வயிறோடு வயிறு ஒட்டி, காதும் தோளும் இடுப்பும் ஒரே நேராக, காம்பு அவள் மூக்குக்கு எதிரே. மேலுதட்டில் லேசாக உரச, கொட்டாவி விடுவது போல வாய் பிளக்கும் வரை காத்திருந்து, முகவாய் முதலில் மார்பில் படும்படி அணைக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம், பிள்ளை வீறிடும்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது! சரியாகக் கவ்வினால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கன்னம் குழி விழாது, சொடுக்குச் சத்தம் வராது, விழுங்குவது மட்டும் கேட்கும். ஆரம்பத்தில் சில விநாடி சுள்ளென்று இருக்கலாம். அதற்கு மேலும் வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுண்டுவிரலை அவள் வாயோரம் நுழைத்து விடுவித்து மறுபடி வைக்கச் சொன்னார். அன்று நாலு தடவை எடுத்து எடுத்து வைத்தோம். ஐந்தாவது தடவை வலிக்கவில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஒரு வாரத்தில் புண் மூடியது. க்ரீமாலா? பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2014ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைப் பிறகுதான் படித்தேன், எதுவும் தடவாமல் விடுவதோ தாய்ப்பாலையே தடவுவதோ லனோலினுக்குச் சளைத்ததாக இல்லாமல் இருக்கலாம் என்கிறது அது. அதாவது கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பீய்ச்சித் தடவிக் காற்றில் உலரவிட்டால் போதும், செலவே இல்லை. காம்பில் சோப்பு மட்டும் போடாதீர்கள், இருக்கிற பசையையும் அது உரித்துவிடும்.

நன்றாகக் கவ்வியும் வலி நிற்காவிட்டால் ட்யூப் மேல் ட்யூப் வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். காம்பு வெளுத்துப்போய் வலித்தால் ரத்தக்குழாய் சுருங்குவது காரணமாக இருக்கலாம். பளபளவென்று சிவந்து எரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்குப் பிள்ளைக்கும் சேர்த்து மருந்து வேண்டும். பிள்ளையின் நாக்கு அடியில் ஒட்டியிருந்தாலும் கவ்வ வராது. மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

க்ரீமுக்கு மூன்று நட்சத்திரம், ஷீல்டுக்கு ஒன்று. மிச்சம் அரை ட்யூபை அம்மா தன் பித்தவெடிப்புக்குப் போட்டுக்கொள்கிறார், அவர் கணக்கில் இதற்கு ஐந்து நட்சத்திரம்.