காங்கிரீட்டுக்கு ஒரு டிரில், கலவைக்கு வேறொன்று: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டப்பட்டவை; கொல்லைப்புறத்தில் பின்னாளில் சேர்த்த சமையலறையும் குளியலறையும் காங்கிரீட். இவை அனைத்திற்கும் சேர்த்து, 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்) கொண்ட, சுழன்றுகொண்டே அடிக்கும் 600 வாட் இம்பாக்ட் டிரில் ஒன்றை ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். ஓட்டை போடவும், துடுப்பை மாட்டிச் சிமெண்டுக் கலவை கலக்கவும் அதுவே போதும் என்று நான் போட்ட கணக்கு இரண்டு பக்கமும் தப்பியது.

காங்கிரீட் உத்தரத்தில் 10 மி.மீ. துளையிட, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தியும் ஓர் அங்குலத்திற்கு மேல் இறங்கவில்லை. பிட்டின் நுனி சூட்டில் நீலம் பாய்ந்ததுதான் மிச்சம். இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தாவுவதால்தான் அடி பிறக்கிறது என்பதால், நிமிடத்திற்குப் பல்லாயிரம் அடி விழுந்தாலும் ஒவ்வோர் அடியும் வலுவற்றது. ரோட்டரி ஹேமரிலோ, பிஸ்டன் அழுத்தும் காற்று உள்ளிருக்கும் சுத்தியலை எறிகிறது. நிமிடத்திற்கு 4,000 முதல் 5,000 அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் 2 முதல் 3 ஜூல். பிட்டை இறுக்காமல் செருகிப் பூட்டும் எஸ்.டி.எஸ். பிளஸ் வகை ரோட்டரி ஹேமர் வாங்கிய பிறகு அதே உத்தரத்தில் அதே துளை அரை நிமிட வேலையானது. அழுத்தவே வேண்டாம், பிடித்திருந்தால் போதும். பிட்டின் அடிக்காம்பில் கிரீஸ் தடவ மட்டும் மறக்கக்கூடாது.

கலவை விஷயத்தில் இழப்பு பெரிது. அரை பக்கெட் சிமெண்டுக் கலவையைக் கலக்கும்போதே அந்தச் சிறு டிரில் புகைந்துவிட்டது. குளிர்விக்கும் விசிறி மோட்டார்த் தண்டிலேயே இருப்பதால், பாரத்தில் மோட்டார் திணறும்போது விசிறியும் மெதுவாகிறது என்று காரைக்குடியில் அதன் மோட்டாருக்குப் புதிதாகக் காயில் (கம்பிச்சுருள்) கட்டிக் கொடுத்தவர் விளக்கினார். கலவைக்கு வேண்டியது வேகமன்று, திருகுவிசை: 1,200 வாட்டுக்கு மேல், நிமிடத்திற்கு 700 சுற்றுக்குள், இரு கைப்பிடி உள்ள மிக்சர் மெஷின். கெட்டிச் சாந்துக்கு, அடியிலிருந்து மேலே தூக்கும் திருகு கொண்ட துடுப்பே பொருந்தும். ரோட்டரி ஹேமரில் அடாப்டர் வைத்துக் கலக்கலாம் என்பார்கள். அதன் சக்கில் இயல்பாகவே உள்ள ஆட்டத்தால் துடுப்பு தள்ளாடுகிறது. ஆண்டுக்கு இரு முறை கலவை போடுபவர் மிக்சரை வாடகைக்கு எடுப்பதே மேல். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய சுவர்களுக்கோ எந்த அடியும் ஆகாது. முகப்பில் ஒரு படம் மாட்ட ஹேமர் முறையில் துளையிட்டபோது, கடுக்காய் சேர்த்து மெருகேற்றிய பூச்சு உள்ளங்கை அகலத்திற்குப் பெயர்ந்து விழுந்தது. புதிதாகப் பூசிய இடம் இன்றும் தேமல் போலத் தெரிகிறது. அப்பத்தா அந்தப் படத்தைச் சற்றுக் கீழே இறக்கி மாட்டச் சொன்னதன் காரணம் அதுதான். இப்போது அங்கே சுழற்சியை மட்டும் வைத்து, இளகிய சாந்து இணைப்பைத் தவிர்த்துச் செங்கல்லிலேயே துளையிடுகிறேன்.

அதற்கு, காயில் கட்டிய அந்தப் பழைய டிரில்லே போதுமானதாக இருக்கிறது. யாரும் தவறிப்போய்த் திருப்பிவிடாதபடி, அதன் ஹேமர் விசையின்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.