வீட்டு சர்வரும் சிஎஸ்ஆர்எஃப்பும்: ஏழு வருட அனுபவம்

2018-ல் ஒரு ராஸ்பெரி பையில் (உள்ளங்கை அளவுக் கணினி) சின்ன ஃபைல் ஷேரிங் மென்பொருள் ஒன்றைப் போட்டு, வீட்டுப் படங்களையெல்லாம் அதில் ஏற்றினேன். வெளி இணையத்துக்குத் திறந்துவிடவில்லை. வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் மட்டும்தானே தொட முடியும் என்று, பாஸ்வேர்டுக்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

அது தப்பான கணக்கு. அந்த மென்பொருளில் ஃபைலை அழிக்கும் பட்டன் வெறும் லிங்க்தான் என்பதைப் பிறகு கவனித்தேன். அந்த முகவரியை ஒரு படத்தின் முகவரிபோல வைத்துப் பக்கம் ஒன்றை எழுதி, வேறொரு டொமைனில் ஏற்றி, லாகின் ஆகியிருந்த அதே பிரவுசரில் திறந்தேன். திரையில் உடைந்த படச் சின்னம் மட்டும் வந்தது. சோதனைக்கு வைத்திருந்த ஃபைல் சர்வரில் இல்லை.

இதற்குப் பெயர்தான் சிஎஸ்ஆர்எஃப்: நாம் லாகின் ஆகியிருக்கும் தளத்துக்கு, வேறொரு தளத்தின் பக்கம் நம் பிரவுசர் வழியே நமக்குத் தெரியாமல் கோரிக்கை அனுப்பவைப்பது. தாக்குகிறவர் என் நெட்வொர்க்குக்குள் வரவே வேண்டாம். என் பிரவுசர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. அன்றைக்கு அது எந்தப் பக்கம் தூண்டினாலும் கோரிக்கையோடு, நான் லாகின் ஆகியிருப்பதைக் காட்டும் குக்கியையும் சேர்த்து அனுப்பிவிட்டது. அழுத்தியது நானா, வேறொரு பக்கமா என்று சர்வருக்குத் தெரியாது. விபிஎன் போட்டாலும் இதே கதைதான்.

பெரிய மென்பொருள்களும் இதில் தப்பவில்லை. 2013-ல், சொந்த சர்வரில் ஃபைல்களை வைத்துப் பகிர உதவும் ஓன்கிளவுட் மென்பொருளின் 4.5 வரிசையில் இப்படிப் பல ஓட்டைகள் வெளிவந்து அடைக்கப்பட்டன. பயனரின் நேர மண்டலத்தை மாற்றுவது போன்ற சில்லறை விஷயத்திலிருந்து ஃபைல்களை மேலெழுதுவது வரை அவற்றில் இருந்தது.

2020-லிருந்து நான் நெக்ஸ்ட்கிளவுடில் இருக்கிறேன். 2016-ல் ஓன்கிளவுடிலிருந்து கிளைத்தது அது. அதில் கோரிக்கையோடு ஒரு டோக்கனும் (சர்வர் தன் பக்கத்துக்குக் கொடுக்கும் ரகசியக் குறியீடு) வர வேண்டும். வெளிப்பக்கத்தால் அதைப் படிக்க முடியாது. போதாததற்கு சேம்சைட் குக்கிகளையும் (வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு போவதைக் கட்டுப்படுத்தும் குறிப்பு உள்ளவை) வைத்துச் சரிபார்க்கிறது. தொல்லை உண்டு: ராத்திரி திறந்துவைத்த டேபில் காலையில் எதையாவது அழுத்தினால் சிலசமயம் ‘சிஎஸ்ஆர்எஃப் செக் ஃபெயில்டு’ என்று நிற்கும். பக்கத்தை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். இதற்காகக் கோடில் அந்தச் சோதனையையே நீக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2020-ல் குரோம் 80, சேம்சைட் குறிப்பில்லாத குக்கிகளை ‘லாக்ஸ்’ என்று, அதாவது வேறு தளத்துப் பக்கம் ஏற்றும் படம் போன்றவற்றோடு போகக் கூடாதவை என்று, எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. படம் வைத்து நான் செய்த பழைய வித்தை அதோடு அங்கே படுத்துவிட்டது. ஆனால் அழிக்கும் லிங்கை யாராவது அனுப்பி நாம் கிளிக் செய்தால் குக்கி அப்போதும் போகும். இன்னொன்றும் உண்டு, வீட்டு சர்வர்க்காரர்கள் அதிகம் மறப்பது இதைத்தான்: ஒரே டொமைனின் சப்டொமைன்களெல்லாம் (டொமைனுக்கு முன்னால் வேறு வேறு பெயர் ஒட்டிய முகவரிகள்) பிரவுசர் கணக்கில் ஒரே சைட். பக்கத்து சப்டொமைனில் ஓடும் ஏதோ ஒரு சோதனை ஆப்பில் ஓட்டை இருந்தால் சேம்சைட் காப்பாற்றாது, டோக்கன்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் சோதனை ஆப்களைத் தனி டொமைனுக்கு மாற்றிவிட்டேன். அட்மின் வேலைக்கும் தனி பிரவுசர் ப்ரொஃபைல்.

இப்போது எதைப் புதிதாக நிறுவினாலும், குடும்பத்துக்குக் கொடுக்கும் முன் டெவலப்பர் டூல்ஸைத் திறந்துவைத்து ஒரு ஃபைலை அழித்துப் பார்க்கிறேன். போவது கெட் கோரிக்கையாக (லிங்கைத் திறந்தாலே போகும் வகை) இருந்தால் அன்றைக்கே அந்த மென்பொருளை நீக்கிவிடுகிறேன்.