சுங்கை சிப்புட் டவுன் லேப்ல யூரின் புரோட்டீன் டெஸ்ட்: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

டெஸ்ட் எடுக்கிற விஷயத்துக்கு 4 ஸ்டார், பேக்கேஜ் தலையில கட்டுற விஷயத்துக்கு 2 ஸ்டார். லேப் பேரு போடல, அத விடுங்க.

அம்மா தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, இனிப்பு நீரும் (சுகர்) பிரஷரும் ரொம்ப வருஷமா இருக்கு. கவுண்டர்ல நின்ன ஒடனே ஒரு கலர் பேப்பர நீட்டுனாங்க, ஃபுல் பாடி பேக்கேஜாம், கேன்சர் மார்க்கர், தைராய்டு, வாதம்னு ஒரு பக்கம் நெறைய இருக்கு, கிட்னிக்குன்னு தேடுனா ரத்தத்துல கிரியேட்டினின்ங்கிற கழிவு அளவு, யூரின்ல முக்கி கலர் பாக்குற சாதா ஸ்ட்ரிப், அவ்ளோதான். இனிப்பு நீர் உள்ளவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் பாக்க வேண்டிய ஏசிஆர், அதாவது யூரின்ல அல்புமின்ங்கிற புரோட்டீன் எவ்ளோ ஒழுகுதுன்னு காட்டுற டெஸ்ட், அதுல இல்லவே இல்ல லா. கேட்டா "அது எக்ஸ்ட்ரா க்கா". சரி, பேக்கேஜ் வேணாம், ஸ்ட்ரிப்பும் ஏசிஆரும் மட்டும் போதும்னு சொன்னேன், மூஞ்சி சுண்டிப் போச்சு ஆனா எடுத்தாங்க.

சாம்பிள் எடுக்குற பொண்ணு மட்டும் தங்கம். காலைல எழுந்ததும் வர்ற மொத யூரின், அதுலயும் ஆரம்பத்துல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல புடிங்கன்னு அம்மாகிட்ட தமிழ்லயே பொறுமையா சொல்லுச்சு, காய்ச்சல் இருக்கா, ஒண்ணுக்கு போறப்ப எரியுதா, நேத்து கடுமையா வேல செஞ்சீங்களான்னு கேட்டுச்சு, ஏன்னா இதெல்லாம் இருந்தா புரோட்டீன் சும்மாவே ஏறி காட்டும். அம்மா வெக்கப்பட்டுக்கிட்டு கப்ப பிளாஸ்டிக் பைக்கு மேல பைய போட்டு சுத்தி, பசார் கூடைக்கு அடியில முருங்கக்கீரைய மேல வச்சு கொண்டு வந்தாங்க. பேரு ஸ்டிக்கர மூடியில ஒட்டாம கப்புலயே ஒட்டுச்சு அந்த பொண்ணு, மூடி மாறிப் போகும்ல.

ஸ்ட்ரிப்ப எங்க கண்ணு முன்னாடியே முக்குனாங்க. புரோட்டீன் கட்டம் மஞ்சளாவே இருந்துச்சு, பச்சையா மாறல, அப்ப நெகட்டிவ். பேக்கேஜ் எடுத்திருந்தா இதோட சந்தோஷமா வீட்டுக்கு போயிருப்போம். ஆனா ஏசிஆர் 6.2 வந்துச்சு. ஸ்ட்ரிப்புக்கு 1+ காட்டவே டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் கிட்ட வேணும், தண்ணி நெறைய குடிச்சு யூரின் நீத்துப் போனா அதுவும் மறைஞ்சிடும். ஏசிஆர் அல்புமின கிரியேட்டினினோட சேத்து கணக்கு பண்றதால தண்ணி குடிச்சாலும் குடிக்காட்டியும் பெரிய வித்தியாசம் வராது. நம்ம மலேசியா ரிப்போர்ட்ல கிரியேட்டினின் ஒரு மில்லிமோலுக்கு அல்புமின் எத்தன மில்லிகிராம்னு வரும்: 3க்கு கீழ நார்மல், 3லருந்து 30 வரைக்கும் லேசா ஒழுகுது, 30க்கு மேல நல்லாவே ஒழுகுது. சில லேப் கிரியேட்டினின் ஒரு கிராமுக்கு எத்தன மில்லிகிராம்னு போடும், அதுல 30, 300னு வரும், ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க.

ரிப்போர்ட் தான் மோசம். நம்பருக்கு பக்கத்துல வெறும் 'எச்'னு ஒரு எழுத்து (அளவு கூடன்னு அர்த்தம்), வேற ஒரு வெளக்கமும் இல்ல. கவுண்டர்ல கேட்டா கிட்னிய கழுவுற பவுடர்னு ஒரு டப்பாவ காட்டுறாங்க! அத வாங்கிடாதீங்க. ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு கவர்மென்ட் கிளினிக் போங்க, குடிமக்களுக்கு 1 வெள்ளி தான், க்யூ நீளம்னாலும் டாக்டர் ஒழுங்கா பாக்குறாங்க. ஒரு தடவ ஏறுனத வச்சு கிட்னி போச்சுன்னு சொல்ல முடியாது, மூணு மாசத்துக்கு மேலயும் ஒழுகுதான்னு திருப்பி பாக்கணும், கூடவே ஈஜிஎஃப்ஆரும் (கிட்னி எவ்ளோ நல்லா வடிகட்டுதுங்கிற கணக்கு) பாக்கணும்னு எங்களுக்கு சொன்னாங்க. பிரஷர் மாத்திரையிலயே லோசார்டன், பெரிண்டோப்ரில் மாதிரி சிலது இந்த ஒழுகல கொறைக்குமாம். முட்டி வலிக்கு கடையில வாங்கி முழுங்குற மாத்திரைய கிட்னிக்கு ஆகாதுன்னு நிறுத்த சொல்லிட்டாங்க, அம்மாவுக்கு அதுதான் கோவம்.

நுரை வரல, அதனால கிட்னி நல்லாதான் இருக்குன்னு பக்கத்து லயத்து ஆண்ட்டி சொல்றாங்க. ஆரம்பத்துல நுரையே வராது ஆண்ட்டி.

லேப் மேல் மாடி, படி செங்குத்து. வயசானவங்கள கீழயே ஒக்கார வச்சிட்டு போன் அடிங்க, அந்த பொண்ணே எறங்கி வந்து கப்ப வாங்கிக்கும்.